இன்னொரு பிக்கப்

நேயர்களுக்கு வணக்கம்.

'வண்டி நல்ல பிக்கப்' என்று நாம் சொல்வது இழுவையை. நான் இன்று பேச வந்திருப்பது வேறொரு பிக்கப்பைப் பற்றி. எஞ்சினுக்கு அடியில், ஆயில் சம்ப் என்கிற எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு குழாய் முங்கிக் கிடக்கும். அதுதான் இந்தப் பிக்கப். அதன் வாயில் ஒரு வலை. ஆயில் பம்ப் எண்ணெய் எடுப்பது இதன் வழியாகத்தான்.

இளநீர் தீரும் நேரத்தில் ஸ்ட்ரா 'சர்ர்ர்' என்று சத்தம் போடுமே, அதுபோல இந்தக் குழாய் காற்றை இழுத்தால் கதை முடிந்தது. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும் கிராங்க் தண்டையும் அதைத் தாங்கும் பேரிங்கையும் ஒட்டவிடாமல் வைத்திருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

பந்தய வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்பு அளவுக்கு வந்தால், எண்ணெய் மட்டம் 45 டிகிரி சாயும். சம்ப்பில் ஐந்து லிட்டர் இருந்தென்ன, குழாயின் வாய் காய்ந்து கிடந்தால்? நேர்கோட்டு டிராக் பந்தயத்தில் கார் பாயும்போது எண்ணெய் பின்னால் ஓடும். அதனால் வாயும் பின்பக்கம் இருக்க வேண்டும். வளைவுகள் நிறைந்த ஓடுதளத்துக்கு என்னைக் கேட்டால், குழாயோடு மல்லுக்கட்டாதீர்கள். வாயைச் சுற்றித் தடுப்புத் தகடுகளும், உள்பக்கம் மட்டுமே திறக்கும் சின்னக் கதவுகளும் வையுங்கள்.

அமெரிக்காவில் 1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினையே எடுத்துக்கொள்ளலாம். அதில் குழாயைப் பம்பில் அடித்து இறுக்கியிருப்பார்கள். அதிர்வில் அது தளரக்கூடும். அதனால் பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் ஒரு பொட்டு வெல்டிங் வைப்பார்கள். வைக்கும் முன் பம்பின் ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும். சூட்டில் அது பதம் இழந்துவிடும்.

அப்புறம் இடைவெளி. வலைக்கும் சம்ப்பின் தரைக்கும் நடுவே கால் அங்குலம் முதல் மூன்று நூல் வரை, அதாவது ஆறு முதல் பத்து மில்லிமீட்டர். குறைந்தால் எண்ணெய் நுழையத் திணறும், கூடினால் சீக்கிரம் காற்று புகும். அளப்பது சுலபம். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வலையில் ஒட்டி, கேஸ்கெட்டோடு சம்ப்பை மாட்டி முடுக்குங்கள். கழற்றி, நசுங்கிய களிமண்ணை வெர்னியரில் அளந்தால் தெரிந்துவிடும். சம்ப்பை மாற்றினால் பிக்கப்பையும் அதற்குப் பொருத்தமாக மாற்ற வேண்டும். இரண்டும் ஜோடி.

பெரிய பம்ப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பம்பின் வாய்க்கு எண்ணெயைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அது ஏறக்குறைய ஒரு பார்தான், அதற்கு மேல் கிடைக்காது. ஒல்லிக் குழாயில் பெரிய பம்பை மாட்டினால் எண்ணெயில் குமிழி கிளம்பும். குழாய் அகலமாக, வளைவு குறைவாக, வலை சற்றுப் பெரிய கண்ணாக இருக்கட்டும்.

1997-இல் வந்த செவர்லேயின் எல்எஸ் வகை எஞ்சின்களில் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. பொருத்தும்போது அது நசுங்கினால் காற்று இழுக்கும், எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் ஏறாது. பம்பைக் குறை சொல்லிப் புதிது வாங்கி மாட்டுவார்கள். அப்போதும் முள் அசையாது. மறுபடி சம்ப்பை இறக்கும்போதுதான் வெட்டுப்பட்ட அந்த வளையம் கண்ணில் படும்.

வணக்கம்.