தடை வேண்டாம், மேடை வேண்டும்

கொட்டும் மழையிலும் வந்து தலைமையேற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயா வந்தால்தான் நம் கூட்டம் களைகட்டும்), வணிகர் சங்கப் பெரியோர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிய தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மெக்சிகோ ராப் பாட்டின் கொண்டாட்டம், கலகம், பெண் குரல் என்று மூன்றைப் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறோம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழிதான். இன்றைக்கும் அதுதான் பேச்சு.

மான்டெர்ரே, வடக்கு மெக்சிகோவின் தொழில் நகரம். 1986-இல் அங்கே பெரிய உருக்காலையை மூடினார்கள். பத்தே ஆண்டில் அதே ஊரில் கன்ட்ரோல் மச்செத்தே என்ற ராப் குழு பாட வந்தது. பக்கத்து ஊர் சான்டா கத்தரினாவிலிருந்து கார்ட்டெல் தே சான்டா என்ற குழு வந்தது. பாட்டில் என்ன இருக்கிறது? பீர், கஞ்சா, விடியவிடிய ஆட்டம், போலீஸுக்கு அஞ்சாத பேச்சு. இதைப் போய்க் கொண்டாடலாமா என்கிறார்கள் சிலர். கொண்டாடுவேன். வாரமெல்லாம் வேலையில் குனிந்த பையன் சனிக்கிழமை ராத்திரி நிமிர்ந்து, இந்த ராத்திரி எனக்கு என்கிறானே, அந்தத் தெம்பைக் கொண்டாடுவேன். 2021-இல் ஹெரா எம்எக்ஸ் என்ற ராப்பர் பாடகர் கிறிஸ்டியன் நோடாலோடு பாடிய குடிப்பாட்டு ஒன்று அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற பாட்டுத் தரவரிசைப் பட்டியல் வரை ஏறியது.

இனி கலகம். 1997. மெக்சிகோ நகரில் மோலோடோவ் என்ற பாட்டுக் குழுவில் நான்கு பையன்கள். முதல் ஆல்பம் தயார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, கூடவே அரசாங்கத்துக்கு வசவு. ஆண்டுகொண்டிருந்த கட்சியோ 1929-லிருந்து நாற்காலியை விடாத கட்சி! அட்டைப்படத்தையும் பாட்டையும் பார்த்துவிட்டுக் கடைகள் விற்க மறுத்தன. பையன்கள் அழுதார்களா? மன்னிப்புக் கேட்டார்களா? கடைக்காரர் விற்கமாட்டாரா, சரி, நாமே விற்போம் என்று ஆல்பத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்! பாடியவனே கையில் கொடுத்தால் ஜனங்கள் விடுவார்களா? லட்சக்கணக்கில் போனது. 2000-இல் அந்தக் கட்சி ஆட்சியை இழந்தது. அந்தக் குழு இன்றும் பாடுகிறது. ஆடின காலும் பாடின வாயும், ஐயா!

தடையால் பாட்டு நிற்காது என்பது இன்னும் சிலருக்குப் புரியவில்லை. 2023-இல் டிஹுவானா நகரமன்றம் கடத்தல்காரர் புகழ்பாடும் கொரிடோ என்ற கதைப்பாட்டுகளுக்குத் தடை போட்டு, அபராதமும் அறிவித்தது. எனக்கும் அந்தப் புகழ்ச்சி பிடிக்காது. ஆனால் மேடையில் தடுத்தால் பாட்டு கைப்பேசிக்குப் போய்விடும்.

மான்டெர்ரேயில் வேறொன்று செய்தார்கள். மூடிய உருக்காலையைப் பூங்காவாக்கினார்கள். பால் நோர்த்தே என்ற பெரிய இசைவிழா அங்கேதான் நடக்கிறது. ராப்பும் உண்டு.

பெண் குரலுக்குத் தனிக் கூட்டமே வேண்டும். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் சபோடெக் என்ற பழங்குடியில் பிறந்த ராப் பாடகி மரே அட்வெர்டென்சியா லிரிகாவின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மா அவர்களே, நம் சமுதாயக் கூடம் மாலை ஆறு மணிக்குமேல் பூட்டியே கிடக்கிறது. பையன்களும் பெண்பிள்ளைகளும் பாட அதைத் திறந்துவிடுங்கள். மனுவை மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் போட்டுவிட்டுப் போங்கள்.