பெப்டைடு சீரமும் பாட்டிலில் போட்டிருக்கும் அந்த 10 சதவீதமும்

நேயர்களுக்கு வணக்கம். முகச் சுருக்கம் குறையத் தடவிக்கொள்ளும் பெப்டைடு சீரம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிரீம், சீரம் உருவாக்கும் வேலையில் இருப்பவள் நான், அதனால் பாட்டிலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 10% என்ற எண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதில் பத்து சதவீதம் பெப்டைடு இருக்கிறது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. பெப்டைடை ஒரு கரைசலாக்கித்தான் மூலப்பொருள் கம்பெனி எங்களுக்கு விற்கிறது. ஆர்ஜிரெலைன் என்ற பெப்டைடின் கரைசல் என்றால் அதில் பெப்டைடு வழக்கமாக 0.05 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தக் கரைசலைத்தான் சீரத்தில் பத்து சதவீதம் கலக்கிறோம். கடைசியில் உங்கள் முகத்துக்கு வந்து சேர்வது பத்து லட்சத்தில் 50 பங்கு.

உடனே மோசடி என்று பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். அமினோ அமிலங்கள் சில கோத்த சின்னச் சங்கிலிதான் பெப்டைடு. தோலை உறுதியாக வைத்திருக்கும் புரதம் கொலாஜன். அது சிதையும்போது உதிரும் துண்டுகளைப் போலச் சில பெப்டைடுகள் இருப்பதால், அவற்றைப் புதிதாகக் கொலாஜன் செய்யச் சொல்லும் சமிக்ஞையாகச் சரும செல்கள் எடுத்துக்கொள்கின்றன, அதற்குத் துளி அளவே போதும். மேட்ரிக்ஸில் என்ற பெயரில் வரும் பெப்டைடை வைத்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. 93 பெண்கள், முகத்தின் ஒரு பாதியில் பெப்டைடு கிரீம், மறுபாதியில் அது இல்லாத கிரீம், 12 வாரம். அளவு பத்து லட்சத்தில் 3 பங்குதான், ஆனாலும் மெல்லிய கோடுகள் குறைந்தன. வித்தியாசம் சிறியதுதான், ஆய்வை நடத்தியதும் கிரீம் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போவதுதான் இதில் பெரிய பாடு. 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு தோலைத் தாண்டுவது கடினம் என்பது எங்கள் துறையில் பழகிய கணக்கு. மேட்ரிக்ஸில் பெப்டைடு 800-ஐ ஒட்டி வருகிறது, தோலின் எண்ணெய்ப் பசையுள்ள மேலடுக்கில் கலக்கட்டும் என்றுதான் அதன் வாலில் ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டுகிறார்கள். ஆர்ஜிரெலைனை ‘பாட்டிலில் போடாக்ஸ்’ என்று விற்பதை நான் நம்புவதில்லை. சுருக்கம் தெரியாமலிருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்தான போடாக்ஸ் ஊசி வழியாக நேரே தசைக்குப் போகிறது, மேலே தடவியது அவ்வளவு ஆழம் போக வேண்டுமே!

சரி, எப்படிப் போடுவது? முகம் கழுவியதும் சீரம், அதன் மேல் மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். நீல நிறத்தில் வருவது காப்பர் பெப்டைடு, 1973-இல் லோரன் பிக்கார்ட் என்ற விஞ்ஞானி மனித ரத்தத்தின் பிளாஸ்மாவில் கண்டுபிடித்தது. அதை வைட்டமின் சி, அமில சீரம் இவற்றோடு ஒரே நேரத்தில் போடாதீர்கள்; வைட்டமின் சி காலையில், காப்பர் இரவில். மற்ற பெப்டைடுகளுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. லேபிளில் பெயர் கடைசியில் இருக்கிறதே என்று வருத்தமும் வேண்டாம், ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம்.

யாருக்கு வாங்கச் சொல்வேன் என்றால், சுருக்கத்துக்குப் போடும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் போட்டால் எரிகிறது, தோல் உரிகிறது என்பவர்களுக்கு. கர்ப்பிணிகள் ரெட்டினால் உள்ளிட்ட ரெட்டினாய்டு வகையையே தவிர்க்க வேண்டும், அவர்கள் பெப்டைடு பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். மற்றபடி சுருக்கத்துக்கு ட்ரெட்டினாயின் என்ற ரெட்டினாய்டு மருந்துக்கு இருக்கும் சான்று பெப்டைடுக்கு இல்லை, ட்ரெட்டினாயினை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1995-லேயே அங்கீகரித்துவிட்டது. கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சன்ஸ்கிரீனை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. இதே காப்பர் பெப்டைடைப் பொடியாகக் குப்பியில் அடைத்து, ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று லேபிள் ஒட்டி, ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி ஆன்லைனில் விற்கிறார்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னது தடவும் சீரத்துக்கு மட்டும். அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது, சுத்தமானதா என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரப்போவதில்லை. அதை வாங்காதீர்கள். நன்றி, வணக்கம்.