சைட்டை நடத்தப் போகிறவருக்கு டிப்ளமோவா, பி.இ.யா?

நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் என்னைத் தேடி ஆள் வர ஆரம்பித்துவிடும். “சார், பையன் சிவில்தான் படிப்பேங்கிறான். பாலிடெக்னிக்ல போடலாமா, பிளஸ் டூ முடிச்சு பி.இ. போகட்டுமா?” ஆயுசில் பாதியைக் கட்டட சைட்டுகளில் கழித்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. வானொலி நிலையத்தாரும் இதைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை சைட்டை நடத்தும் வேலைக்குத்தான் போகப் போகிறான் என்றால் முதலில் டிப்ளமோ, அதோடு நிற்காமல் பிறகு பி.இ. ஸ்ட்ரக்சுரல் டிசைன், அதாவது கட்டடத்தின் வலுவைக் கணக்கிட்டு வடிவமைக்கும் வேலை, ஆராய்ச்சி என்று மனம் போனால் நேராக பி.இ.க்கே போகட்டும். அந்தப் பிள்ளைகளைப் பற்றி இன்று நான் பேசவில்லை.

வருடக் கணக்கைப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு. பாலிடெக்னிக் வழியில் டிப்ளமோ மூன்று வருடம். பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தால் இன்னும் மூன்று. அதுவும் ஆறுதான். ஒரே காலத்தில் ஒருவர் கையில் ஒரு சான்றிதழ், இன்னொருவர் கையில் இரண்டு. இடையில் குடும்பத்தில் பணமுடை வந்தால், பாலிடெக்னிக் பிள்ளை மூன்றாவது வருடமே வேலைக்குப் போய்விடலாம். பி.இ.யை இரண்டாவது வருடத்தில் விட்டவனிடம் பிளஸ் டூ மார்க் ஷீட்தான் இருக்கும்.

ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவிலோ சர்வேயரோ முடித்தவர்களும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். நேரடி இரண்டாம் ஆண்டில் சேருகிற பிள்ளைகள் பி.இ. முதலாம் ஆண்டுக் கணிதத்தைப் படிக்காமலே வருகிறார்கள். இரண்டாம் ஆண்டுக் கணிதத் தாள் பலரைக் கவிழ்த்துவிடும். டிப்ளமோ கடைசி வருடத்திலேயே டியூஷன் வைத்தாவது வகை நுண்கணிதத்தையும் தொகை நுண்கணிதத்தையும் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

சரி, ஏன் இரண்டும் வேண்டும்? ஒரு ஸ்லாப், அதாவது கான்கிரீட் தளம் போட்ட பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

கான்கிரீட் போட்டு எட்டாவது நாள். சென்ட்ரிங் மேஸ்திரி வந்து நிற்கிறார். தளத்தைத் தாங்கும் முட்டுகளையும் பலகைகளையும் பிரித்து அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், வண்டி வாசலில் நிற்கிறது. “ஏழு நாள் ஆச்சு சார், கழட்டிடலாமா?” அவர் சொல்லும் ஏழு நாள் சும்மா வந்ததில்லை. ஐ.எஸ். 456 என்ற நமது கான்கிரீட் விதிநூலில், 4.5 மீட்டர் வரை ஸ்பேன், அதாவது தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரம் உள்ள ஸ்லாபுக்கு முட்டு எடுக்க 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. டிப்ளமோ முடித்த பையனுக்கு இது மனப்பாடம். டேப்பைப் பிடித்து அளந்து, எந்த ஸ்பேனுக்கு எத்தனை நாள் என்று சட்டென்று சொல்வான். மேஸ்திரியோடு மல்லுக்கட்டாமல், ஓரத்துப் பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி வண்டியையும் அனுப்பிவைப்பான். புதிதாக வந்த பட்டதாரிக்கு இந்தச் சாமர்த்தியம் வர இரண்டு வருடமாவது ஆகும்.

ஆனால் அந்த நாள் கணக்கு சாதா போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு, அதாவது ஓ.பி.சி.க்கு எழுதியது. நம் சைட்டுகளில் இறங்குகிற மூட்டைகளில் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. அதற்கு ஆரம்ப வலு மெதுவாகத்தான் ஏறும். நாளைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது, கான்கிரீட் கட்டியை நசுக்கி வலுவைப் பார்க்கும் கியூப் டெஸ்ட் முடிவை எப்படிப் பார்ப்பது, மேல் மாடிக்கு முட்டுக் கொடுத்திருக்கும்போது கீழ் ஸ்லாப் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்விகளுக்கு மனப்பாடம் உதவாது. காரணம் தெரிந்திருக்க வேண்டும். பி.இ. பாடத்தைக் கருத்தாகப் படித்தவரிடம் அது இருக்கும். ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால் அவர்தான் நான் தேடுகிற மேனேஜர்.

அடுத்தது காகிதம். வேலை தெரிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். டெண்டர் அதை ஒப்புக்கொள்ளாது. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளில், வேலையின் மதிப்புக்குத் தக்கபடி இத்தனை பட்டதாரி, இத்தனை டிப்ளமோ என்று ஒப்பந்தக்காரர் ஆள் வைத்திருக்க வேண்டும். பத்து வருட அனுபவமுள்ள டிப்ளமோக்காரரைப் பட்டதாரிக்குச் சமமாகக் கொள்ளலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் பட்டதாரிகளுக்கான இடங்களில் பாதிக்கு மேல் அப்படி நிரப்பக் கூடாது. அனுபவத்துக்கு மரியாதை உண்டு, அதற்கும் ஒரு வரம்பு உண்டு. அதே துறையின் இளநிலைப் பொறியாளர் வேலைக்கு டிப்ளமோ போதும். நம் மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக நேரடி உதவிப் பொறியாளராக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். 2018இல் குவைத்தில், பொறியாளர் என்ற பதவியோடு விசாவைப் புதுப்பிக்க அந்த நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் சான்று வேண்டும் என்றார்கள். நம் நாட்டின் தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ. அங்கீகரித்த படிப்பாக இல்லாவிட்டால் சான்று கிடைக்கவில்லை. பட்டம் வைத்திருந்த இந்தியப் பொறியாளர்கள் பலரே தவித்தார்கள். ஆகவே பி.இ. சேரும்போது கல்லூரி கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், சிவில் பிரிவுக்கு என்.பி.ஏ. உண்டா என்று கேளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா? தாராளமாக. கோவை, சேலம் போன்ற ஊர்களின் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் டிப்ளமோ முடித்தவர்களுக்கென்றே பகுதிநேர பி.இ. நடந்து வந்திருக்கிறது. சாயங்காலம் சைட்டில் கான்கிரீட் நடக்கும் நாளில் வகுப்புக்கு ஓடுவது லேசான காரியமல்ல. முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அஞ்சல் வழி பி.இ. என்று யாராவது விளம்பரம் காட்டினால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொறியியலைத் தொலைதூர வழியில் நடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. கல்லூரிக்குப் போகாமலே எழுதலாம் என்று நம் அப்பாக்கள் காலத்தில் பலரைத் தூக்கிவிட்ட, பொறியாளர் சங்கம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வும், 2013 மே 31 வரை பதிந்தவர்களுக்குத்தான் மத்திய அரசு வேலைக்குப் பட்டத்துக்குச் சமம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாலிடெக்னிக்கில் சிவில் படித்த பெண்களை நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கின்றன, எடுத்ததும் ஏ.சி. அறையில் டிராயிங், பில்லிங் என்று உட்கார வைத்துவிடுகின்றன. பாதுகாப்பு என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். ஐந்து வருடம் கழித்து சைட் மேனேஜர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது, சைட் அனுபவம் இல்லை என்று அதே நிறுவனம் அவரை ஒதுக்கும். முதல் வேலையிலேயே சைட்டைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்றும் இன்டர்வியூவிலேயே கேட்கட்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996இல் வந்த சட்டம் சைட்டில் கழிப்பறை கட்டாயம் என்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

நன்றி, வணக்கம்.