அபுதாபி 2021: ஐந்து கார்களுக்கு மட்டும் திறந்த வழி (சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து தந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, இயந்திரவியல் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து சிறப்பித்துக்கொண்டிருக்கும் மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் மூத்த நிர்வாகிகளே, வரவேற்புரையில் என்னைப் பற்றி மிகையாகவே சொல்லிவிட்ட மாணவர் மன்றச் செயலாளர் தம்பி அவர்களே, இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் வெயிலில் நின்று கொடி காட்டும் மார்ஷல் தோழர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மார்ஷல் தோழர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். விழாக் குழுவினர் பொறுத்தருள வேண்டும். அவர்களுக்கு முன்வரிசையில் நாலு நாற்காலி போட்டால் என் மனம் நிறையும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 2021 அபுதாபி கிராண்ட் பிரி, அந்த ஆண்டின் கடைசி ஃபார்முலா 1 கார் பந்தயம். நான்கு செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன். ஒன்று டயர், இரண்டு விதி, மூன்று தொலைக்காட்சி, நான்கு தடத்தோரம் நிற்கிற மனிதர்கள். நான்குக்கும் அடியில் ஓடுவது நம் பெரியவர்கள் சொன்ன ஒரே வாசகம்: பதறாத காரியம் சிதறாது.

2021 டிசம்பர் 12. யாஸ் மரினா தடம், 58 சுற்று. மெர்சிடிஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டனும் ரெட் புல் அணியின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளியோடு கடைசிப் பந்தயத்துக்கு வந்து நிற்கிறார்கள். 1974-க்குப் பிறகு இருவர் இப்படிச் சமமாக வந்ததே இல்லை. அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? ஆகஸ்டில் பெல்ஜியத்தில், கொட்டும் மழையில், சேஃப்டி காருக்கு, அதாவது ஆபத்து நேரத்தில் முன்னால் மெதுவாக ஓடி எல்லாரையும் முந்தவிடாமல் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டிச் செல்லும் காருக்கு, பின்னாலேயே ஊர்வலம் போய்விட்டுப் பாதிப் புள்ளி கொடுத்தார்களே, அங்கிருந்து வந்தது. அந்த வருடம் முழுவதுமே சில்வர்ஸ்டோனில் மோதல், மொன்சாவில் ஒருவர் கார் மேல் இன்னொருவர் கார், சவுதியில் மறுபடி உரசல். இருவரும் புள்ளி எடுக்காமல் போனால் 9 வெற்றி பெற்ற வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டம்; ஹாமில்டனுக்கு 8 வெற்றிதான்.

பந்தயத்துக்கு வருவோம். முதலிடத்திலிருந்து கிளம்பியவர் வெர்ஸ்டாப்பன், வேகம் தந்து சீக்கிரம் தேயும் சாஃப்ட் டயரில். ஹாமில்டன் இடைநிலையான மீடியத்தில் கிளம்பி முதல் வளைவிலேயே முந்திவிட்டார். அதே சுற்றில் ஆறாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் உள்ளே பாய, ஹாமில்டன் அடுத்த வளைவை வெட்டிக்கொண்டு முன்னிலையைக் காப்பாற்றிக்கொண்டார். விசாரணை தேவையில்லை என்றார்கள். 13-ஆம் சுற்றில் வெர்ஸ்டாப்பனும் 14-இல் ஹாமில்டனும் நெடுந்தூரம் தாங்கும் ஹார்ட் டயருக்கு மாறினார்கள். டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போகாமல் இருந்த செர்ஜியோ பெரேஸ், தன் அணித் தோழனுக்காக ஹாமில்டனை மறித்து மறித்துப் பல நொடிகளைத் தின்றார். அருமையான தற்காப்பு. 35-ஆம் சுற்றில் ஜோவினாட்சியின் கார் நின்றுபோனது. மெய்நிகர் சேஃப்டி கார் வந்தது, அதாவது கார் எதுவும் வராமலே எல்லாரும் மெதுவாக ஓட வேண்டும் என்ற கட்டளை. வெர்ஸ்டாப்பன் புது ஹார்ட் டயர் போட்டார். ஹாமில்டன் உள்ளே போகவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

53-ஆம் சுற்று. 14-ஆவது வளைவில் நிக்கோலஸ் லத்தீஃபியின் வில்லியம்ஸ் அணிக் கார் சுவரில் மோதியது. சேஃப்டி கார். ஹாமில்டன் சுமார் 11 நொடி முன்னால் இருக்கிறார். இப்போது அவர் உள்ளே போகலாமா?

போனால் வெர்ஸ்டாப்பன் வெளியிலேயே இருந்து முதலிடத்தைப் பிடித்துக்கொள்வார். மிச்சமிருக்கும் சுற்றுகள் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்துவிட்டால் பட்டம் அவருக்கு. போகாவிட்டால் வெர்ஸ்டாப்பன் உள்ளே போய் சாஃப்ட் போடுவார். பந்தயம் மறுபடி தொடங்கினால் ஹாமில்டனுக்கு ஆபத்து. முன்னால் ஓடுபவர் முதலில் முடிவெடுத்தாக வேண்டும். பின்னால் வருபவர் அதற்கு நேர்மாறாகச் செய்தால் போதும். மெர்சிடிஸ் விதிப்புத்தகத்தை நம்பி வெளியில் நின்றது. வெர்ஸ்டாப்பன் உள்ளே போய் சாஃப்ட் போட்டார். ஹாமில்டன் காரில் இருந்தது 14-ஆம் சுற்றில் போட்ட ஹார்ட் டயர். கடைசிச் சுற்றில் அதன் வயது 40 சுற்றைத் தாண்டிவிட்டது. சேஃப்டி காருக்குப் பின்னால் மெதுவாகப் போகும்போது டயர் குளிரும், உள்காற்றின் அழுத்தம் இறங்கும். தேய்ந்த ஹார்டில் சூட்டைத் தக்கவைக்க ரப்பரே இல்லை; சாஃப்ட் இரண்டு வளைவுக்குள் சூடேறிவிடும். மறுபடி ஓடவிட்டால் ஹாமில்டனுக்குக் கதியில்லை என்பது பிட் சுவரில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இருவருக்கும் நடுவே ஐந்து கார்கள்: நோரிஸ், அலோன்சோ, ஓகான், லெக்லேர், வெட்டல். ஐந்தும் ஒரு சுற்றாவது பின்தங்கியவை. இன்னும் மூன்று பின்தங்கிய கார்கள் பின்னால்: ரிக்கார்டோ, ஸ்ட்ரோல், ஷூமாக்கர். ஆக எட்டு. 56-ஆம் சுற்றில் பந்தயக் கட்டுப்பாட்டறை அறிவித்தது: பின்தங்கிய கார்கள் முன்னணிக் காரையும் சேஃப்டி காரையும் முந்திப் போய் வழிவிட அனுமதி இல்லை. ரெட் புல் வானொலியில் கேட்டது, ஏன் இல்லை என்று. 57-ஆம் சுற்றில் அறிவிப்பு மாறியது. எட்டுக்கும் அனுமதி வரவில்லை. நடுவில் நின்ற ஐந்துக்கு மட்டும் வந்தது. அதே சுற்றின் முடிவிலேயே சேஃப்டி காரையும் உள்ளே அழைத்தார்கள்.

விதி என்ன? அன்றைய விளையாட்டு விதிகளில் 48.12. பின்தங்கிய கார்கள் முந்திப் போக வேண்டும். கடைசிப் பின்தங்கிய கார் முன்னணிக் காரைத் தாண்டியபின், அதற்கு அடுத்த சுற்றின் முடிவில் சேஃப்டி கார் பிட்டுக்குத் திரும்பும். கணக்கைப் போடுங்கள். 57-இல் விட்டால் 58-இன் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போக வேண்டும். 58-தான் கடைசிச் சுற்று. விதிப்படி ஓடியிருந்தால் பந்தயம் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்திருக்கும். பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி, அதற்கு முந்தின ஆண்டு ஜெர்மனியில், பின்தங்கிய எல்லாக் கார்களையும் முந்தவிட்டாக வேண்டும் என்பதே விதி என்று தாமே விளக்கியவர்.

58-ஆம் சுற்று பச்சைக் கொடியில் தொடங்கியது. ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் உள்ளே புகுந்தார், முந்தினார், 2.256 நொடியில் வென்றார். புள்ளி 395.5-க்கு 387.5. அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. திறந்த வழியில் ஓட்டினார், அற்புதமாக ஓட்டினார். மூன்றாவது வந்த கார்லோஸ் சைன்ஸை யாரும் நினைப்பதே இல்லை. அவருக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவே ரிக்கார்டோவும் ஸ்ட்ரோலும் அப்படியே நின்றார்கள். அவருக்கும் வெல்ல உரிமை இருந்தது; வழி மட்டும் இல்லை.

மெர்சிடிஸ் இரண்டு மனு கொடுத்தது. பந்தய நடுவர்களான ஸ்டீவர்டுகள் இரண்டையும் தள்ளினார்கள். 15.3-ஆம் விதி சேஃப்டி கார் விஷயத்தில் பந்தய இயக்குநருக்கு மேலதிகாரம் தருகிறது என்றார்கள். அந்த விதி மைதான அதிகாரிக்கு மேலே இயக்குநர் என்று படிநிலையை வகுக்கிறது. விதிக்கு மேலே இயக்குநர் என்று அதில் எங்கும் எழுதவில்லை. மெர்சிடிஸ் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுத்துவிட்டு, டிசம்பர் 16-இல் கைவிட்டது.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? இருந்தது. அதே ஆண்டு ஜூனில் பாகுவில், 51 சுற்றுப் பந்தயத்தின் 46-ஆம் சுற்றில் வெர்ஸ்டாப்பனின் டயர் வெடித்து நேர்பாதையில் கார் சுவரில் மோதியது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள், எல்லாரும் புது டயர் போட்டார்கள், இரண்டு சுற்றுக்கு நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்பினார்கள். அபுதாபியிலும் 53-ஆம் சுற்றிலேயே சிவப்புக் கொடி காட்டியிருந்தால் ஹாமில்டனுக்கும் புது டயர், வெர்ஸ்டாப்பனுக்கும் புது டயர். யார் வென்றாலும் ஊர் ஒப்புக்கொண்டிருக்கும். பதறாத காரியம் சிதறாது.

இங்கே ஒரு பழைய கதை சொன்னால்தான் தம்பிகளுக்கு உறைக்கும். 1989 அக்டோபர் 22, ஜப்பான், சுசூகா. ஒரே மெக்லாரன் அணியில் இரண்டு புலிகள், அலென் புரோஸ்டும் அயர்டன் சென்னாவும். பட்டத்தை உயிரோடு வைத்திருக்கச் சென்னா வென்றே ஆக வேண்டும். முன்னால் புரோஸ்ட். 53 சுற்றில் 46-ஆவது. கடைசியில் வரும் ஒடுங்கிய இரட்டை வளைவில் சென்னா உட்புறமாக நுழைகிறார். புரோஸ்ட் கதவைச் சாத்துகிறார். இரண்டு கார்களும் சக்கரத்தோடு சக்கரம் பின்னிக்கொண்டு, அவசர வழியின் வாயில் போய் நிற்கின்றன. புரோஸ்ட் பட்டையை அவிழ்த்து இறங்கிவிட்டார். அவர் கணக்கில் பட்டம் முடிந்தது.

சென்னா இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே மார்ஷல்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார், தள்ளுங்கள், தள்ளுங்கள் என்று. மார்ஷல்கள் ஓடி வந்து தள்ளுகிறார்கள். உருளும் வேகத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது! அவசர வழியாகவே போய்த் தடத்தில் சேர்கிறார். முன் இறக்கை நசுங்கியிருக்கிறது. பிட்டுக்குள் போய் மூக்கை மாற்றிக்கொண்டு வருகிறார். அதற்குள் பெனட்டன் அணிக் காரில் அலெசாண்ட்ரோ நன்னினி முன்னால் போய்விட்டார். துரத்துகிறார். எங்கே முந்துகிறார் தெரியுமா? மோதிக்கொண்ட அதே வளைவில்! கொடியை முதலில் தாண்டியது சென்னா. மேடையில் ஏறிக் கோப்பை வாங்கியது நன்னினி. வளைவைச் சுற்றாமல் அவசர வழியாகத் தடத்தில் சேர்ந்தார் என்று சென்னாவைத் தகுதி நீக்கினார்கள். புரோஸ்டுக்குப் பட்டம். சென்னாவுக்கு அதோடு ஒரு லட்சம் டாலர் அபராதம்.

அடுத்த ஆண்டு அதே சுசூகாவில் ஓட்டுநர் கூட்டம். நெல்சன் பிக்கே எழுந்து, வளைவைத் தவறவிட்டவர் எதிர்த்திசையில் திரும்பி வருவது ஆபத்து, நேரே போக விடுவதுதான் சரி என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். போன ஆண்டு சென்னா செய்ததும் அதுதானே? அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பந்தயம் தொடங்கியதும் முதல் வளைவிலேயே புரோஸ்டை இடித்து இரண்டு பேரையும் வெளியேற்றிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். அவர் செய்தது தவறு, பெருந்தவறு. ஆனால் தெளிவில்லாத ஒரு தீர்ப்பு ஒரு வருடம் கழித்து அதிவேக மோதலாக விளைந்தது. இரண்டு உயிர் போயிருக்கும்.

அந்தக் கதையில் காரைத் தள்ளிய மார்ஷல்கள் பெயர் யாருக்காவது தெரியுமா? யாஸ் மரினாவில் லத்தீஃபியின் காரை அகற்றியவர்கள் பெயர்? பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது அவர்கள் கையில்தான். நொறுங்கிய ஃபார்முலா 1 காரில் போய்க் கை வைத்துவிட முடியாது. கட்டுப்பாட்டறை அனுமதி தந்தபின்தான் தடத்தில் கால் வைக்க வேண்டும். காரின் மின்விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்க்க வேண்டும். சிவப்பென்றால் உயர் அழுத்த மின்சாரம் பாதுகாப்பாக இல்லை, தொடக்கூடாது. பச்சை என்றாலும் மின்காப்புக் கையுறை வேண்டும். பிறகு 'என்' எழுத்து பொறித்த பொத்தானை அழுத்தினால் கிளட்ச் விடுபடும், சக்கரம் உருளும். தூக்க வேண்டுமென்றால் ஓட்டுநர் தலைக்குப் பின்னால் உள்ள வளையத்தில் பட்டை கோத்துத் தூக்க வேண்டும். அதன் பிறகு சிதறல்களைப் பெருக்க வேண்டும். ஒரு கார்பன் சில்லு கிடந்தால் போதும், அடுத்து வரும் டயர் கிழிந்துவிடும். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. 2014-இல் சுசூகாவில் கார் அகற்றும் இயந்திரம் நிற்கும்போது ஜூல்ஸ் பியான்கி அதில் மோதினார். அடுத்த ஆண்டு இறந்தார். 2000-இல் மொன்சாவில், 2001-இல் மெல்போர்னில், 2013-இல் மொன்ட்ரியாலில் மார்ஷல்களே உயிர் விட்டார்கள். பெரும்பாலானோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். பதறாத காரியம் சிதறாது என்பது அவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட வாசகம்.

கட்டுப்பாட்டறையில் இருந்தவரையும் நியாயமாகவே பார்க்கிறேன். சார்லி வைட்டிங் 2019 மார்ச்சில் திடீரென்று இறந்தபின் அந்த நாற்காலிக்கு வந்தவர் மாசி. பந்தய இயக்கமும் பாதுகாப்புப் பொறுப்பும் ஒரே தலையில். ஒரு காதில் மார்ஷல் தகவல், மறு காதில் இரண்டு அணித் தலைவர்களின் கெஞ்சலும் அதட்டலும். 2022 பிப்ரவரியில் ஃபார்முலா 1-ஐ ஆளும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. அவரை நீக்கி, நீல்ஸ் விட்டிச், எட்வர்டோ ஃப்ரெய்டாஸ் என்று இருவரை மாற்றி மாற்றி அமர்த்தியது. அணிகள் இயக்குநரிடம் நேரடியாக மன்றாடும் வழியை அடைத்தது. மார்ச்சில் வந்த அறிக்கை, இயக்குநர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார், நடந்தது மனிதப் பிழை, முடிவு செல்லும் என்றது. பின்தங்கிய கார்கள் அனைத்தும் முந்த வேண்டும் என்று விதியையும் ஐயமறத் திருத்தினார்கள். அதே ஆண்டு மொன்சா பந்தயம் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்தது. கூட்டம் கூச்சலிட்டது. விதி நின்றது.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்ல வந்ததை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். மூத்த நிர்வாகிகள் இங்கே இருக்கும்போதே என் கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநருக்குப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நடுவருக்கும் மார்ஷலுக்கும் ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சி வேண்டும். பந்தய நாளுக்குப் படியும், உயிருக்கும் உறுப்புக்கும் காப்பீடும், வெயிலில் நிற்பவரை மாற்றிவிட இரண்டாவது ஆளும் வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே எழுத்தில் ஒதுக்குங்கள். கடைசி ஐந்து சுற்றில் விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதை, உள்ளூர்ப் பந்தயமானாலும், காலை ஓட்டுநர் கூட்டத்திலேயே அச்சடித்துக் கொடுங்கள்.

மாணவர்களே, வாசலில் மேசை போட்டிருக்கிறோம். மார்ஷல் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். வரும்போது முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டு வாருங்கள். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். தூரத்தில் வருகிற ஓட்டுநர் கண்ணுக்கு அது கொடியாகத் தெரியும். கொடி மேடையில் இரண்டிரண்டு பேராக நிற்பீர்கள்: ஒருவர் வரும் கார்களைப் பார்க்க, மற்றவர் அடுத்த மேடையைப் பார்க்க. ஓடும் தடத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது. மற்றதைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நன்றி, வணக்கம்.