ஹோஸ் பைப் எங்கே உரசுகிறது? கேட்டர்ஹாம் செவனில் ரேடியேட்டர் பொருத்துவது

[காட்சி: சிமென்ட் தரையில் ஒரு துளி. கேமரா மெல்ல மேலே ஏறி, காரின் மூக்குக்குக் கீழே நிற்கிறது.]

இந்தத் துளியில் லேசான இனிப்பு வாசனை வருகிறது. கூலண்ட்தான், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். இதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், உயிரே போய்விடும். எனவே முதலில் தரையைத் துடைத்துவிடுவோம். துளி எங்கிருந்து விழுந்தது என்பதைப் பிறகு தேடலாம்.

கார், கேட்டர்ஹாம் செவன். லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த செவன்தான் இதன் மூதாதை. 1973-இல் தயாரிப்பு உரிமை இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாகங்களாக வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் இந்தக் காருக்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன கூண்டு, அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் ஒரு சின்ன மூக்கு. அந்த மூக்குக்குள், சூடான கூலண்டைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டர். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூலண்டைக் கொண்டுபோகும் ஹோஸ் பைப்புக்குப் பெரிய கார்களில் தாராளமாக இடம் இருக்கும். இங்கே அது குழாய்களுக்கு நடுவே நெளிந்துதான் போயாக வேண்டும்.

[காட்சி: மூக்கைக் கழற்றிய கார். ரேடியேட்டர் தனியாக மேசைமேல்.]

ரேடியேட்டரைப் பொருத்தும்போது புதியவர்கள் செய்யும் முதல் தவறு, நான்கு மூலையிலும் போல்ட்டைப் போட்டு இறுக்கிவிடுவது. அசையாமல் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மீட்டர் அகல அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைத் தாங்கும் எஃகுச் சட்டம் அவ்வளவு சூடாவதில்லை; எஃகு விரிவதும் அலுமினியத்தில் பாதி அளவுதான். இதோடு, பள்ளம் மேட்டில் கார் ஏறி இறங்கும்போதெல்லாம் கூண்டு சற்றே முறுக்கிக்கொள்கிறது. இறுக்கிக் கட்டிய ரேடியேட்டரில் அந்த முறுக்கு முழுவதும் போய்ச் சேருமிடம், ரேடியேட்டரின் ஓரத்துத் தொட்டியும் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களும் சேரும் விளிம்பு. விரிசல் அங்கேதான் விழும்.

நான் பூட்டும் முறை இது: எடை முழுவதையும் கீழே இருக்கும் ரப்பர் தாங்கட்டும். மேலே இருக்கும் பிடிப்பு முன்னும் பின்னும் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரு முனையிலும் திருகு, நடுவில் ரப்பர் உள்ள உருளை மவுண்டிங் இதற்குத் தோதானது. அது அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தால் இரும்பிலிருந்து ரப்பர் பிய்ந்துகொண்டு வந்துவிடும். எனவே ரேடியேட்டரை அதில் தொங்கவிடாதீர்கள், உட்காரவையுங்கள். நட்டை இறுக்கும்போது ரப்பர் சேர்ந்து திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பினால், ஓடத் தொடங்கும் முன்பே பாதி கிழித்துவிட்டீர்கள் என்று பொருள்.

[காட்சி: இன்ஜின் ஓடுகிறது. ஆக்சிலரேட்டரைத் தட்டத் தட்ட, இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து மீள்கிறது.]

இப்போது ஹோஸுக்கு வருவோம். இந்தச் சாய்வைக் கவனியுங்கள். இன்ஜின் தன் ரப்பர் மவுண்டிங்கில் ஒரு விதமாக ஆடுகிறது. ரேடியேட்டர் தன் ரப்பரில் வேறு விதமாக ஆடுகிறது. கூண்டு இரண்டோடும் சேராமல் தன் போக்கில் அதிர்கிறது. ஹோஸின் ஒரு முனை இன்ஜினில், மறு முனை ரேடியேட்டரில். நடுவில் அது தொட்டுக்கொண்டிருப்பதோ கூண்டை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே ஊர்வது எறும்பில்லை, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அதிர்வுகள். இடையில் சாலைப் புழுதியும் சேர்ந்துகொண்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல்தான்.

தொடுகிற இடத்தில் ஒரு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டு ஹோஸைக் கூண்டுக் குழாயோடு இறுக்கிக் கட்டுபவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. உரசல் அப்போதும் நிற்காது; டையின் விளிம்பு ரப்பரை அறுக்கத் தொடங்கும், அசைவு முழுவதும், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் இருக்கும் முனைக்குத் தள்ளப்படும். கட்டத்தான் வேண்டுமென்றால் ரப்பர் உறை போட்ட அகலமான கிளிப்பில், ஹோஸ் சற்று நழுவ இடம் விட்டுப் பிடியுங்கள்.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. வளைந்த ஹோஸை இரு முனையிலும் தளர்த்தி, கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பாதி நேரம் ஒரு விரல் இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். கிளிப்பின் திருகுத் தலையும் நீட்டிக்கொண்டிருக்கும் வாலும் பக்கத்து ஹோஸைப் பார்க்காதபடி திருப்பி வையுங்கள். நான் பார்த்த ஒரு காரில் ஹோஸை ஓட்டை போட்டது கூண்டு அல்ல, அடுத்த ஹோஸின் கிளிப் வால்.

நீல நிற சிலிகான் ஹோஸ் பார்க்க அழகு, சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் கூர்மையான விளிம்பில் சாதாரண கறுப்பு ரப்பரைவிடச் சீக்கிரம் வெட்டுப்படும். எஃகு வலை போர்த்திய ஹோஸ் அதற்கு நேர் எதிர்: அதற்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இருக்கும் அலுமினியத் தகட்டை அரம்போல் அராவிவிடும்.

[காட்சி: கூண்டுக் குழாயில் வெள்ளைக் காகித டேப் சுற்றப்படுகிறது.]

ஹோஸ் நெருங்கும் இடங்களிலெல்லாம் குழாயின்மேல் இந்தக் காகித டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். நின்றுகொண்டிருக்கும் காரில் இடைவெளி இருப்பதுபோல் தெரிவதை நம்ப முடியாது. ஓடும்போது என்ன நடக்கிறது என்று டேப் சொல்லும். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவோம். வந்தவுடன் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும். ஆறட்டும்.

[காட்சி: மாலை. டார்ச் வெளிச்சத்தில் டேப்.]

மேல் ஹோஸ் பக்கம் டேப் வெள்ளையாகவே இருக்கிறது. கீழ் ஹோஸ் பக்கம், இதோ, நகக்கண் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. நம் துளி விழுந்த இடத்துக்கு நேர் மேலே. திருப்புளியை எடுக்கிறேன், கிளிப்பைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.