75 மி.மீ.யா, என்.டி.என்.னா? முதலில் பூட்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள்

வணக்கம். இன்றைக்குப் பனிச்சறுக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார்: "அண்ணா, இரண்டு சீசனாகக் காஷ்மீர் குல்மார்கில் கொண்டோலாவில் (கேபிள் கார்) ஏறி, வாடகைச் சாமானில் டெலிமார்க் பழகினேன். வரும் பிப்ரவரியில் நானே ஏறி இறங்க ஆசை. டூரிங் ஸ்கீ வாங்கிவிட்டேன். பைண்டிங்கில்தான் குழப்பம். 75 மில்லிமீட்டரா, என்.டி.என்.னா? எது நல்லது?"

தம்பி, ஸ்கீ வாங்கிவிட்டேன் என்கிறீர்கள், பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? பைண்டிங் என்பது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்டு; 75 மில்லிமீட்டரும் என்.டி.என்.னும் அதில் இரண்டு வகை. எந்த பைண்டிங் என்பதைப் பூட்ஸ்தான் முடிவு செய்யும். சட்டைக்குத் துணி எடுக்காமல் பட்டன் தேடுகிறீர்கள்.

டெலிமார்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: உங்கள் ரப்பர் செருப்பைப் பாருங்கள். முன்னால் விரலிடுக்கில் பிடி, பின்னால் குதிகால் சும்மா தூக்கிக்கொள்ளும். அதேபோல கால்விரல் பக்கம் மட்டும் ஸ்கீயில் கட்டி, குதிகாலை விட்டுவிடுவதுதான் டெலிமார்க். திரும்பும்போது ஒரு முழங்கால் மடங்கிக் கீழே போகும். நார்வேயில் டெலிமார்க் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. 1825-இல் அங்கே பிறந்த சோண்ட்ரே நோர்ஹைம் என்பவரால் பிரபலமான வித்தை இது. ஆல்பைன் ஸ்கீயில் குதிகாலையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

சரி, பூட்ஸுக்கு வருவோம். கவிழ்த்துப் பிடியுங்கள். இதோ என் பழைய பூட்ஸ். முன்னால் வாத்து அலகு மாதிரி ஓர் உதடு நீட்டிக்கொண்டிருக்கிறது, அடியில் மூன்று ஓட்டைகள் தெரிகின்றனவா? இதுதான் 75 மி.மீ.; உதட்டின் அகலத்தை வைத்து வந்த பெயர். பைண்டிங்கில் இருக்கும் மூன்று ஊசிகள் இந்த ஓட்டைகளில் உட்காரும், மேலே ஒரு கம்பி வந்து அழுத்தும். 1927-இல் இந்த மாதிரி பைண்டிங்கைக் கொண்டுவந்தவர் புரோர் வித் என்ற நார்வேக்காரர். அதற்கு ரொட்டெஃபெல்லா என்று பெயர், அவர்கள் பாஷையில் எலிப்பொறி. நம் வீட்டுக் கட்டைப் பொறியில் கம்பி டப் என்று விழுமே, அதே கடிதான். பழைய பூட்ஸ் வாங்குவதாக இருந்தால் இந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் முட்டை மாதிரி நீண்டிருந்தால் வேண்டாம், ஆடும்.

முன்னால் உதடு இல்லை, ஆனால் அடியில் பாதத்தின் நடுவில் ஒரு படி மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது என்றால் அது என்.டி.என்., அதாவது நியூ டெலிமார்க் நார்ம். 2007-இல் ரொட்டெஃபெல்லாவே கொண்டுவந்தது. இதில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கால்விரல் நுனியில் இரண்டு பக்கமும் மிளகு அளவுக்கு உலோகக் குழி இருக்கிறதா? இருந்தால் யோகம். அந்தக் குழியில் இரண்டு முனைகள் வந்து கவ்வுவதுதான் டெக் பைண்டிங். ஏறும்போது அதைவிடச் சுகமானது எதுவும் இல்லை.

ஏறுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேள்வியின் உயிரே அதில்தான். நீங்கள் இதுவரை கொண்டோலாவில் போனவர். ஸ்கீக்கு அடியில் ஸ்கின், அதாவது பின்னால் வழுக்காமல் பிடிக்கும் பட்டை, ஒட்டி நடந்தால், ஐந்து மணி நேரம் ஏறுவீர்கள், இறங்குவது அரை மணி, முக்கால் மணி. பைண்டிங் வாங்கும்போது எல்லோரும் அந்த முக்கால் மணி நேரத்தையே நினைத்து வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். குதிகாலைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த கேபிள் பிடிக்கும் இந்தப் பழைய கேபிள் பைண்டிங்கைப் பாருங்கள், குதிகாலைத் தூக்குகிறேன்... ஸ்பிரிங் இழுக்கிறது, தெரிகிறதா? கிளினிக் வாசலில் ஸ்பிரிங் கதவு இருக்குமே, ஒவ்வொரு தடவையும் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவை தள்ளிப் பாருங்கள். இறங்கும்போது அந்த இழுப்புதான் ஸ்கீயை நம் பிடியில் வைக்கிறது, ஏறும்போது அதுவே எமன். அதனால் டூரிங் பைண்டிங்கில் ஃப்ரீ பிவட் கட்டாயம். ஒரு சுவிட்சைத் தட்டினால் ஸ்பிரிங் ஒதுங்கிக்கொண்டு, சாதாரணக் கீல் கதவு மாதிரி ஆடும். குனியாமல், கைக்கோலின் நுனியாலேயே தட்டும்படி இருந்தால் நல்லது. குதிகாலுக்கு அடியில் நிமிர்த்தி வைக்கும் கம்பியும் இருக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் அதன் மேல் குதிகாலை வைத்து ஏறினால் ஆடுசதை பிழைக்கும்.

ஆகவே, உதடு வைத்த பூட்ஸ் இருந்தால் வோலே ஸ்விட்ச்பேக் மாதிரி ஒரு பைண்டிங் போதும். எளிமையானது, பிரித்து மாட்டலாம். என்.டி.என். பூட்ஸும் அந்த மிளகுக் குழியும் இருந்தால் லின்க்ஸ், மெய்ட்ஜோ. குழி இல்லாத என்.டி.என். என்றால் அவுட்லா எக்ஸ். எடை கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். பூட்ஸே இன்னும் வாங்கவில்லை என்றால், என் யோசனை குழியுள்ள என்.டி.என். புதிதாக வரும் சாமான் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது.

ஆனால் பழைய மூன்று ஊசிக்கு நான் கடன்பட்டவன். குல்மார்குக்கு மேலே இருக்கும் அப்பர்வத் மலைக்குப் பின்னால் ஒரு நாள் இறங்கும்போது இடது காலில் கேபிள் அறுந்தது. நடுவில் அறுபடவில்லை, ஸ்பிரிங்கோடு சேரும் நசுக்கிய முனையில், பூ விரிந்த மாதிரி இழை இழையாக. பையில் மாற்றுக் கேபிள் இல்லை. குன்னூரில் அலமாரியில் பத்திரமாக இருந்தது. என்னோடு வந்தவர் பைண்டிங்கில் ஊசி கிடையாது, கேபிள் மட்டும்தான். அவருக்கு அறுந்திருந்தால் பூட்ஸ் கழன்று, இடுப்பளவு பனியில் நடைதான். எனக்கு மூன்று ஊசி பிடித்துக்கொண்டது. குதிகால் தொளதொளவென்று ஆடினாலும், குறுக்கும் நெடுக்குமாக இழுத்து இழுத்து இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து மாற்றுக் கேபிள், நாலு ஸ்க்ரூ, கட்டுக் கம்பி மூன்றும் பையை விட்டு வெளியே வருவதில்லை. டெக் பைண்டிங் என்றால் ஒரு பல் குத்தும் குச்சியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழியில் பனி இறுகி நின்றால் பூட்டியதுபோலத் தெரியும், இரண்டாவது அடியில் கழன்றுவிடும்.

பாதுகாப்பு. டெலிமார்க் பைண்டிங்குகளில் பெரும்பாலானவை விழுந்தால் காலை விடாது. சிலவற்றில் விடும் வசதி உண்டு, ஆல்பைன் பைண்டிங் அளவுக்கு நம்ப வேண்டாம். பனிச்சரிவில் மாட்டினால் ஸ்கீ நங்கூரம் மாதிரி உள்ளே இழுக்கும். எனவே சரிவு விழக்கூடிய இடத்தில் ஸ்கீயைக் காலோடு சேர்க்கும் வாரைக் கழற்றிவிடுங்கள். குல்மார்கில் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் பார்க்காமல் ஸ்கீ தளத்தின் எல்லைக்கு வெளியே போகக் கூடாது. இதில் தம்பி, அண்ணன் எல்லாம் கிடையாது.

கடைசியாக, மாட்டுவது. இங்கே ஸ்கீ கடை ஏது? என்னுடையதை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆசாரியோடு சேர்ந்துதான் மாட்டினேன். பல ஸ்கீயில் மேலேயே பொடி எழுத்தில் 4.1 x 9 என்று அச்சடித்திருக்கும்: துளை 4.1 மி.மீ., ஆழம் 9 மி.மீ. உள்ளே உலோகத் தகடு இல்லாததற்கு 3.5 போதும். ஆசாரி டிரில் பிட்டில் 9 மி.மீ. அளந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார், டேப் தொட்டதும் நிறுத்தினார். ஒரு நூல் கூடினால் அடிப்பக்கம் பொத்துக்கொண்டு வந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவரோ பீடியை எடுக்காமலேயே எட்டு ஓட்டை போட்டார். ஸ்க்ரூவுக்கு போசிடிரைவ் மூன்றாம் எண் வேண்டும். நம் சாதாரண ஸ்டார் டிரைவர் தலையை வழித்துவிடும்.

ஒரு வேடிக்கை தெரியுமா? தொட்டபெட்டா 2,637 மீட்டர், குல்மார்க் ஏறக்குறைய 2,650. அதே உயரம். அங்கே ஆளை விழுங்கும் பனி. இங்கே தலைக்குந்தாவில் ஜனவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளை பூக்கும், வெயில் வந்ததும் போய்விடும். என்ன செய்வது, நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். அதனால் பைண்டிங் வந்ததும் வராந்தாவில் ஸ்கீயை விரித்து, பூட்ஸ் போட்டுக்கொண்டு, சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பழகுங்கள். பிறகு கையுறையோடு.

அதற்கு முன்னால் பூட்ஸ் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி. கால்விரல் நுனி தெளிவாகத் தெரிய வேண்டும்.