ஆள் பாதி, ஆடை பாதி: இடைக்காலக் குருக்களை மேடையேற்றுவது பற்றி

(பங்கு நாடகக் குழுக்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கும் கலைப் பணிக்குழுச் செயலர் தந்தை அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, படகோட்டிகள் சங்கத்துப் பெரியவர் அண்ணாச்சி அவர்களே, கன்னியர் மடத்துத் தாயார் அவர்களே, பந்தல் போட்டு, மைக் கட்டி, எனக்கு மோரும் வாங்கிக் கொடுத்த தம்பிமார்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். முன்னாள் ஊராட்சித் தலைவரும் வந்திருப்பதாக இப்போதுதான் காதில் சொன்னார்கள். அவருக்கும் தனியாக ஒரு வணக்கம்.

பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. தொட்டுப் பார்த்தேன். பாலியஸ்டர். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

உடை, தலை, நடை என்று மூன்று விஷயம் சொல்வதாகக் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். ஐரோப்பாவின் இடைக்காலத்துக் குருவையோ துறவியையோ நடிக்கிறவருக்கு இந்த மூன்றும் வேண்டும். உடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆள் பாதி, ஆடை பாதி என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை.

ஜூன் 13 வந்தால் பதுவை அந்தோனியார் நாடகம் போடாத ஊர் நம் பக்கம் குறைவு. வாடகைக் கடையிலிருந்து அங்கி வரும். சாட்டின் துணி, கரும்பழுப்பு நிறம், லைட் அடித்தால் தகரம் போலப் பளபளக்கும், முதுகில் ஜிப். அந்தோனியார் திரும்பி நின்று ஜெபிக்கும்போது கூட்டம் முழுக்க அந்த ஜிப்பைத்தான் பார்க்கிறது.

அந்தப் பழுப்பு நிறமும் பிற்காலத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் சகோதரர்கள், அதாவது அந்தோனியார் சேர்ந்த, அசிசி புனித பிரான்சிஸின் சபைத் துறவிகள், உடுத்தியது சாயம் போடாத முரட்டுக் கம்பளி. கறுப்பு ஆட்டு ரோமமும் வெள்ளை ஆட்டு ரோமமும் கலந்து நெய்த சாம்பல் நிறத் துணி. இங்கிலாந்தில் அவர்களை மக்கள் ‘சாம்பல் சகோதரர்கள்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அசிசியில் புனித பிரான்சிஸின் அங்கியை இன்றும் வைத்திருக்கிறார்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட துணி அது.

அந்தோனியார் கதையில் ஓர் உடை மாற்றம் இருக்கிறது. 1195-இல் லிஸ்பனில் பிறந்தவர், முதலில் அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றிய குரு. போர்த்துகலிலேயே கோயிம்பிரா மடத்தில் வெள்ளை அங்கியில் இருந்தார். படிப்பு, நூலகம், மரியாதை எல்லாம் இருந்தது. 1220-இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்களை அந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கண்ட அந்தோனியார் வெள்ளையைக் கழற்றிவிட்டுச் சாம்பலைப் போட்டுக்கொண்டார். நாடகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? முதல் காட்சியிலிருந்தே அவரைப் பழுப்பு சாட்டினில் நிறுத்திவிட்டு, மீன்கள் பிரசங்கம் கேட்கும் காட்சிக்கு மட்டும் நீல லைட் போடுகிறோம். ஆள் பாதி, ஆடை பாதி ஐயா.

குருக்கள் எல்லோரும் ஒரே மாதிரி எளிமையாக உடுத்தினார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1215-இல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவையான நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் கூடாது, பூவேலை செய்த காலணியோ கூர்முனைக் காலணியோ கூடாது, தங்க முலாம் பூசிய கடிவாளம் கூடாது என்று குருக்களுக்குச் சட்டம் போட்டது. போடாதவனிடம் போய் யாராவது போடாதே என்பார்களா? அதனால் வில்லன் குரு வேண்டுமென்றால் பச்சைச் சட்டையும் கூர்முனைக் காலணியும் போதும். மீசையை முறுக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கதை. நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் தாமஸ் பெக்கெட் என்று ஒருவர். அரசன் இரண்டாம் ஹென்றியின் சான்சிலர், அதாவது பெரிய அமைச்சர். திருச்சபையில் தலைமைத் திருத்தொண்டர் என்ற பதவியும் அவருக்குத்தான், ஆனால் பார்த்தால் சொல்ல முடியாது. பட்டு என்ன, ரோமத் துணி என்ன! குளிர்காலத்தில் ஒருநாள் ராஜாவும் இவரும் லண்டன் தெருவில் குதிரையில் போகிறார்கள். எதிரே ஒரு கிழவர், கந்தல் உடுத்தி வருகிறார். ராஜா கேட்கிறார்: “பாரப்பா, இந்தக் குளிரில் இவருக்கு ஒரு கனமான மேலாடை கொடுத்தால் புண்ணியம்தானே?” பெக்கெட், “பெரிய புண்ணியம், மகாராஜா. கொடுக்க வேண்டியது உங்கள் கடமை” என்கிறார். நம் ஆட்கள் மேடையில் சொல்வது போல, செலவு அடுத்தவன் கணக்கில்! ராஜா கிழவரைக் கூப்பிட்டு, “நல்ல மேலாடை வேண்டுமா?” என்கிறார். கேலி செய்கிறார்கள் என்று அந்த மனிதர் முழிக்கிறார். “அந்தப் புண்ணியம் உனக்கே சேரட்டும்” என்று பெக்கெட்டிடம் சொல்லி ராஜா எட்டி பெக்கெட்டின் மேலாடையைப் பிடித்து இழுக்கிறார். புத்தம் புதிய சிவப்பு மேலாடை, உள்ளே சாம்பல் நிற ரோமம் வைத்தது. இவர் விட மாட்டேன் என்று இறுக்கிப் பிடிக்க, நடுத்தெருவில், குதிரை மேல், நாட்டின் முதல் ஆளும் இரண்டாவது ஆளும் மல்லுக்கட்டுகிறார்கள்! பின்னால் வந்த பரிவாரம் என்ன சண்டையோ என்று பதறி ஓடி வருகிறது. கடைசியில் பெக்கெட் விட்டுக்கொடுத்தார். கிழவர் மேலாடையோடு நடையைக் கட்டினார். இதை எழுதி வைத்தவர் பெக்கெட்டிடமே வேலை பார்த்த வில்லியம் ஃபிட்ஸ்ஸ்டீபன்.

1162-இல் அதே பெக்கெட் கேன்டர்பரி பேராயர் ஆனார். பிறகு ராஜாவோடு பகை, வெளிநாட்டில் தஞ்சம், திரும்பி வருகை. 1170 டிசம்பர் 29 அன்று ராஜாவின் வீரர்கள் நான்கு பேர் ஆலயத்துக்குள் புகுந்து அவரை வெட்டிக் கொன்றார்கள். உடலை அடக்கத்துக்குத் தயார் செய்யத் துறவிகள் மேலுடுப்பை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பேராயர் உடுப்புக்குக் கீழே துறவியின் அங்கி. அதற்கும் கீழே, உடம்போடு ஒட்டி, ரோமத்தால் செய்த உறுத்தும் சட்டை. அதில் பேன் மொய்த்துக் கிடந்தது. நம்மில் ஒருவர் இல்லை என்று அதுவரை நினைத்திருந்த துறவிகள் அங்கேயே அழுதார்கள். சிவப்பு மேலாடைக்காகத் தெருவில் சண்டை போட்ட அதே மனிதர்! இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே நாடகத்தில் வைக்க ஒரு ஊராவது முன்வராதா என்று பார்க்கிறேன். ஆள் பாதி, ஆடை பாதி. இவர் விஷயத்தில் உள்ளாடையும் சேர்த்தி.

சரி, இப்போது பொன்னாடைக்கு வருகிறேன். புனித பெனடிக்ட், நம் பெரியவர்கள் சொல்லும் ஆசீர்வாதப்பர், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கில் 55-ஆம் அதிகாரம் உடை பற்றியது. துணியின் நிறத்தையும் முரட்டுத்தனத்தையும் பற்றித் துறவிகள் கவலைப்பட வேண்டாம், அந்தந்த ஊரில் கிடைப்பதை, மலிவாக வாங்க முடிவதை உடுத்தினால் போதும் என்கிறார். உள்ளூர்த் துணி! சென்னிமலைத் தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அதைப் படித்தபோது ஆசீர்வாதப்பர் எங்கள் கட்சி என்று தோன்றியது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி முத்திரையோடு விற்கிற துணியை நானே கடையில் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு அங்கிக்கு எத்தனை மீட்டர் போகும் என்று கணக்குப் போடுங்கள். பாவு வெள்ளை, ஊடை கறுப்பு என்று நூல் கொடுத்தால் எங்கள் ஆட்கள் பருத்தியிலேயே அந்தச் சாம்பல் நிறத்தை நெய்து கொடுப்பார்கள். நம் வெயிலுக்குக் கம்பளி வேண்டாம். ஸ்வீடனில் கோத்லாந்து தீவின் விஸ்பி நகரில் 1984 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் இடைக்கால வாரம் கொண்டாடுகிறார்கள். ஐரோப்பாவில் இந்த வேடம் போடுகிறவர்களில், தையல் இயந்திரத் தையல் வெளியே தெரியக்கூடாது என்று பிடிவாதமாகக் கையால் தைப்பவர்கள் உண்டு. தறி வைத்திருக்கிற நாம் ஜிப் வைக்கிறோம்.

தலை பற்றி. உச்சியை மழித்து, சுற்றி முடி வளையமாக நிற்க வேண்டும். அதற்கு ரப்பர் தொப்பி வாங்காதீர்கள், வியர்வையில் வழுக்கும். துணிச்சலான தம்பி யாராவது இருந்தால் சலூனுக்கு அனுப்புங்கள், முடி வளரும். கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பி வேண்டுமென்றால் கதை 1245-க்குப் பிறகு நடக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் நான்காம் இன்னொசென்ட் பாப்பரசர் அதைக் கொடுத்தார். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் கூண்டை, அதாவது பாவசங்கீர்த்தனப் பெட்டியை, மேடையில் வைக்காதீர்கள். அது பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயு காலத்தில் வந்தது. அதற்கு முன் குரு ஒரு நாற்காலியில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்துதான் கேட்டார்.

தந்தை மணிக்கட்டைப் பார்க்கிறார். நடை பற்றி உங்கள் நாடக ஆசிரியரே சொல்லிக் கொடுப்பார். முரட்டுத் துணி போட்டால் பாதி நடை தானாக வந்துவிடும்.

பந்தல் வாசலில் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். எந்தப் பங்கு, எத்தனை அங்கி, யார் உயரம் எவ்வளவு என்று எழுதிவிட்டுப் போங்கள். நூல் வாங்கிப் பாவு ஓட்ட அவகாசம் வேண்டும். ஜூனுக்கு முந்தின வாரம் போன் செய்தால் சாட்டின்தான் கிடைக்கும். முன்னாள் தலைவரும் முதல் ஆளாகத் தன் பங்குக்கு எழுதுவதாகக் கை காட்டுகிறார். நன்றி, வணக்கம்.